மொட்டையோடு போன நேர்காணல்

பேத்திக்குச் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சைக்காலஜி படிக்க ஆசை. மதிப்பெண் இருந்தது. ஆனால் பெற்றோரில் ஒருவரோடு நேர்காணலுக்கு வரவேண்டும் என்று தகவல் வந்ததும் வீடு குழம்பிப்போனது. மதிப்பெண் பார்த்துச் சீட் கொடுப்பதென்றால் நேர்காணல் எதற்கு? நேர்காணலை வைத்துக் கொடுப்பதென்றால் இத்தனை வருடம் பரீட்சை எழுதவைத்தது எதற்கு? தாலுகா ஆபீஸ்களில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். எந்தச் சான்றிதழுக்கு எந்த மேசை என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதற்கு மட்டும் விதி எதுவும் அகப்படவில்லை.

விதி தெரியாத இடத்தில் தெரிந்த விதியைப் போட்டு நிரப்பிப் பழகியவன் என்பதால் மகனையும் பேத்தியையும் உட்காரவைத்துச் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தப்பாகவே சொன்னாலும் முகத்துக்கு நேரே திருத்தக் கூடாது. பிறகு மனு கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். பேத்தி என்னை நம்பாமல் யூடியூப் பார்த்துத் தயாரானாள்.

மகன் வேறு வழியில் தயாரானான். திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். மீசையும் போயிருந்தது.

"சீட் கெடச்சப்புறம்தானேடா மொட்டை?"

"நீ சும்மா இரு நைனா. சாமி இன்னா உன் ஆபீஸா, ஆர்டர் வந்தப்புறம் பணம் கட்றதுக்கு?"

தலையில் பூசியிருந்த சந்தனம் கல்லூரிக்கு அவ்வளவு நன்றாக இருக்காது என்று கழுவச் சொன்னது நான்தான்.

அன்று கல்லூரித் தாழ்வாரத்தில் சான்றிதழ் நகல்களோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன வேகத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரயில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தான்.

"அந்த மேடம் என் தலையைப் பாத்தாங்க. 'அப்பா தவறிட்டாரா?'ன்னு மெதுவாக் கேட்டாங்க. நான் தலையாட்டிட்டேன்."

"எதுக்குடா ஆட்டினே?"

"நீதானே திருத்தாதேன்னே."

சந்தனம் இல்லாத, மீசையும் இல்லாத மொட்டை. தகப்பனுக்குக் காரியம் முடித்து வந்தவன் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கற்றுத்தருவதோ மனித மனத்தைப் பற்றி.

பேத்தி கொதித்துக்கொண்டிருந்தாள். "என்னை ஒண்ணுமே கேக்கல தாத்தா. தாத்தான்னா ரொம்பப் பிரியமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். தைரியமா இருன்னு அனுப்பிட்டாங்க."

வீட்டில் இதைக் கேட்ட என் மனைவி, "சீட் வர்ற வரைக்கும் உயிரோட இருக்கிறதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

சீட் வந்தது. மகனுக்குக் காரணம் முருகன். மனைவிக்கு நான் செத்தது. எனக்கு மதிப்பெண். பேத்திக்கு எதுவும் ஒப்பவில்லை.

"எனக்காகக் கொடுத்தாங்களா, சாவு வீடுன்னு பாவம் பாத்துக் கொடுத்தாங்களா? அது தெரியாம அங்க போய் எப்படி உக்கார்றது?"

சேரும் நாளில் என்னையும் வரச் சொன்னாள். "கெடச்ச சீட்டை நீயே கெடுத்துக்கினு வரப்போறியா?" என்று மகன் தடுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. வருடா வருடம் பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதை நிரூபிப்பவன் நான். கல்லூரியிலும் நிரூபிக்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

அதே மேடம் படிக்கட்டருகில் நின்றிருந்தார். பேத்தி என்னை முன்னால் நிறுத்தினாள். "மேடம், இவர்தான் என் தாத்தா. உயிரோடதான் இருக்காரு. இன்டர்வியூல அப்பா தெரியாமத் தலையாட்டிட்டாரு."

மேடம் என்னைப் பார்த்தார். முடி முளைத்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். "அப்படியா, ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். பிறகு அவளிடம், "நீ எந்த டிபார்ட்மென்ட்மா?"

"சைக்காலஜி. நீங்கதான் மேடம் என்னை இன்டர்வியூ பண்ணீங்க."

"நெறைய பேரைப் பாத்தோம்மா." சிரித்துவிட்டு, வேறு யாரோ கூப்பிட, போய்விட்டார்.

மகன் நிம்மதியாக மூச்சு விட்டான். பேத்தி நகரவில்லை.

"அப்போ பாவம் பாத்தும் கொடுக்கல, என்னைப் பாத்தும் கொடுக்கல. அப்படித்தானே தாத்தா?"

அப்படித்தான் தோன்றியது. அன்று பாவம் பார்த்துக் கொடுத்துவிட்டு அப்புறம் மறந்துமிருக்கலாம். அதற்குள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்து, சைக்காலஜி வகுப்பு எந்த மாடி என்று அவளைக் கேட்டாள்.

"எனக்கும் தெரியல. வா, தேடலாம்" என்று பேத்தி அவளோடு படியேறிப் போனாள்.