மாமாவின் வேன் இழுத்துப் போன கேம் பெட்டி

என் மாமா இந்தக் கதையைச் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் சரி. பந்தி முடிந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார். "இவ இருக்காளே, சின்னப் பிள்ளையில ஒரு கேம் பெட்டிய வச்சு ஊரையே ஓட விட்டவ." எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். நான் எழுந்து போய்விடுவேன்.

ஊரை ஓட விட்டது நானில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர் நாரணாபுரத்துக்குப் பக்கம். அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். அப்பா திருத்தங்கலில் அச்சாபீசில் இருந்தார். மாமா, அம்மாவுக்குத் தம்பி. அவர் கம்பெனி வேன் ஓட்டினார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவார். சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவார். நடுவில் வேனை எங்கள் வீட்டு வாசலில் போட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

கேம் பெட்டி என்னுடையது. தீபாவளி சீசன் முடிந்த கையோடு அப்பா சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கி வந்தது. கருப்புப் பெட்டி, மேலே கேசட் சொருக வேண்டும், டிவியில் மாட்டி ஆட வேண்டும். தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. பையன்கள் எங்கள் வாசலில் வந்து நின்று கெஞ்சுவார்கள். அந்தத் தெருவில் பையன்கள் ஒரு பொட்டப்பிள்ளையிடம் கெஞ்சி நின்றது அதற்கு மட்டும்தான்.

ஒரு குறை இருந்தது. எங்கள் டிவியில் படம் வரும், சத்தம் வராது. மழைக்காலத்தில் இடி இறங்கியதிலிருந்து அப்படி. நான் ஆடுவது டாங்கி ஆட்டம். திரையில் கீழே நடுவில் ஒரு கோட்டை. அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலேயிருந்து எதிரி டாங்கி இறங்கி வந்து சுவரை உடைக்கும். கோட்டையில் குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. சத்தம் இல்லாமல் இதை ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பின்பக்கமாக ஒருவன் வந்து உடைத்துக்கொண்டிருப்பான். நமக்குத் தெரியாது. தெரியும்போது கோட்டை இருக்காது.

அடுத்த வருஷத்து சீசன் வந்தது. எனக்கு ஒன்பது வயசோ பத்து வயசோ. பள்ளிக்கூடம் லீவு. மாமா அப்போதுதான் வேனில் புதுசாக ஊஃபர் ஸ்பீக்கர் வைத்திருந்தார். பின் சீட்டுக்கு அடியில், அண்டா மூடி அகலத்துக்கு. அதைப் போட்டால் வேனில் வருகிற பொம்பளைகள் கத்துவார்கள். "ஏ தம்பி, சோத்து வாளி மூடி தன்னால கழறுதுப்பா. கொறச்சு வையி." மாமாவுக்கு அது பாராட்டு.

நான் அவரிடம் கேட்டேன். கேட்டது உண்மை. அதை மறைக்கவில்லை.

"மாமா, டிவில சத்தம் வரல. ஒங்க வேன்ல வர வைக்க முடியுமா?"

"முடியுமாவா? ஒம் மாமன யாருன்னு நெனச்ச, மருமகளே?"

கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு செய்தது எல்லாம் அவர்.

வேனைப் பின்பக்கமாக வாசல்படி வரை கொண்டுவந்து ஒட்டினார். எங்கிருந்தோ நீள வயர் கொண்டுவந்தார். பல்லால் கடித்துச் சீவினார். கேம் பெட்டியின் வெள்ளை வயரை அறுத்து அதோடு முறுக்கினார். நான் அறுக்க வேண்டாம் என்றேன். "ஒட்டிக்கிரலாம்" என்றார். டேப் இல்லை. பட்டாசுப் பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிள்தான் வீட்டில் கிடந்தது. அதைச் சுற்றி ஒட்டினார். வயரின் மறுமுனையை வேனுக்குள் கொண்டுபோய் ஸ்டீரியோவின் பின்னால் எதிலோ கொடுத்தார். முதலில் உர்ரென்று இரைந்தது. பிறகு கேம் பாட்டு வந்தது. வேனே பாடுகிற மாதிரி இருந்தது. நான் குதித்தேன்.

ஆனால் பெட்டியை லேசாக அசைத்தால் சத்தம் நின்றுபோனது. வயர் சொருகுகிற இடம் லூஸ். உடனே மாமா வயரைப் பெட்டியைச் சுற்றி நாலு சுற்று சுற்றி இறுக்க முடிச்சுப் போட்டார். மூட்டை கட்டுகிற முடிச்சு. "இனிமே யானை இழுத்தாலும் வராது" என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டது அவர்.

பிறகு ஸ்டீரியோவில் பேஸை, அதாவது அதிர்கிற சத்தத்தை, கூட்டினார். சும்மா கூட்டவில்லை, முழுக்கத் திருகினார். டிரைவர் சீட்டில் சாய்ந்துகொண்டு, "ஆடு மருமகளே" என்றார்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பெனிகளில் சரக்கைக் கொளுத்திப் பார்ப்பார்கள். டமால் டுமீல் என்று நாள் முழுக்கக் கேட்கும். தொட்டில் பிள்ளை கூட முழிக்காது. அது காதுக்கு வருகிற சத்தம். இன்னொன்று உண்டு. அது காதுக்கு வராது, காலுக்கு வரும். தரை ஒரு தடவை தும்மென்று அதிரும். வேறு சத்தமே இருக்காது. வெடிமருந்து கலக்குகிற மருந்து ரூம் வெடித்துப் போனால் அப்படித்தான் இருக்கும். பெரியவர்களுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் ஊரில் அப்படி நடக்கவில்லை.

மாமாவுக்குத் தெரியும். அவர் பெரியவர்.

நான் ஆடினேன். எனக்குச் சத்தத்தோடு ஆடிப் பழக்கமில்லை. சீக்கிரமே கோட்டையில் குண்டு பட்டது. தும். அடுக்களையில் டம்ளர் நகர்ந்து விழுந்தது. மாமா சீட்டில் தட்டிச் சிரித்தார். "எம்புட்டு பேஸு பாத்தியா!" மறுபடி ஆடினேன். மறுபடி தும். மூன்றாவது தடவை நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். டாங்கி முழுக்க அழிந்து ஒன்றுதான் பாக்கி. அப்போதுதான் தெருவில் கூப்பாடு கேட்டது.

"வெடிச்சிருச்சு! ஏ, வெடிச்சிருச்சு! எந்தக் கம்பெனின்னு தெரியல!"

கடைக்காரர் கடையைச் சாத்தாமல் ஓடினார். ஒருத்தி கையில் கரண்டியோடு ஓடினாள். பைக் வைத்திருந்தவர்கள் உதைத்துப் பார்த்து, கிளம்பாததால் போட்டுவிட்டு ஓடினார்கள். எல்லோரும் ஓடைப் பாலம் வழியாகக் கம்பெனி ரோட்டுக்கு. சத்தத்தைக் கேட்டு ஓடியவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மற்றவர்கள் ஓடுகிறவர்களைப் பார்த்து ஓடினார்கள்.

இதில் கேவலம் என்னவென்றால், என் மாமாவும் கிளம்பினார். அவர் வேனிலிருந்துதான் சத்தம் வந்தது. அவர்தான் திருகினார். ஆனாலும் கூப்பாட்டைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "எக்கா!" என்று கத்தினார். அம்மாவைத்தான். சாவியைத் திருகி வண்டியை எடுத்துவிட்டார்.

கேம் பெட்டி என் முன்னாலிருந்து எழுந்து பறந்தது. டிவி வயர் பிடுங்கிக்கொண்டது. கரண்டு வயர் பிடுங்கிக்கொண்டது. மாமா போட்ட முடிச்சு மட்டும் பிடுங்கவில்லை. பெட்டி வாசல்படியில் மோதித் தெருவில் விழுந்து வேனுக்குப் பின்னால் தடதடவென்று போனது. நான் கையில் வயர் அறுந்த கண்ட்ரோலோடு பின்னால் ஓடினேன். "மாமா நிறுத்துங்க! மாமா, என் கேமு!" கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் கத்திக்கொண்டுதான் ஓடினார்கள்.

எதிர் வீட்டுச் சித்தி மட்டும் ஓடவில்லை. சொந்தச் சித்தி இல்லை, கூப்பிடுகிற முறைக்குச் சித்தி. வாசலில் உட்கார்ந்து சரவெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து செய்கிற வேலை அது. ஊர் அவரைத் தாண்டி ஓடியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பசையைத் தொட்டு அடுத்த குழாயை உருட்டினார்.

பாலத்தில் நடந்ததை மறக்க மாட்டேன். ஊர் ஜனம் கம்பெனிப் பக்கம் ஓடுகிறது. கம்பெனி ஜனம் ஊர்ப் பக்கம் ஓடி வருகிறது. சத்தம் ஊருக்குள் இருந்து வந்தது, யாரோ வீட்டில் சரக்கு வைத்திருந்து வெடித்துவிட்டது என்று அங்கே பேச்சு. இரண்டு கூட்டமும் பாலத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"எங்கன? எங்கன வெடிச்சிச்சு?"

"உங்க பக்கந்தானய்யா?"

"எங்க பக்கம் இல்லையே! ஊருக்குள்ளன்னாக!"

ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப் பார்த்தார்கள். இருக்கியா, இருக்கியா என்று கேட்டுக்கொண்டார்கள். நேரில் நிற்கிற ஆளிடம் இருக்கியா என்று கேட்டால் என்ன சொல்ல? அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

அம்மா அந்தக் கூட்டத்தில்தான் வந்தாள். கம்பெனிக்குள் செருப்புப் போடக்கூடாது, வெறுங்கால்தான். அப்படியே ஓடி வந்திருக்கிறாள். முழங்கை வரை அலுமினியப் பொடி. முகம் கூட வெள்ளியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் இழுத்து விரல்களைப் பார்த்தாள். தலையைப் பிடித்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

மாமா வேனை விட்டு இறங்கி நின்றார். பின்னால் என் பெட்டி கிடந்தது. மூடி பிளந்து உள்ளே இருந்த பச்சை அட்டை தெரிந்தது. மாமா அதைப் பார்த்தார். ஸ்டீரியோவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். இத்தனை பேர் கஷ்டப்படுகிறார்களே, உண்மையைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

"எங்கயும் வெடிக்கல! அது என் கேம் சத்தம்! மாமா வேன்ல மாட்டுனாக!"

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மாமா சொன்னார். "இவதாம்க்கா சத்தத்தக் கூட்டுங்க, கூட்டுங்கன்னா."

அம்மா அடித்தாள். முதுகில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. பாலத்தில், அத்தனை பேர் முன்னால், கெஞ்சி நின்ற பையன்கள் முன்னால். அடித்துவிட்டு அவளே நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள். அடி வாங்கியது நான்.

ஆளாளுக்குப் பேசினார்கள். "ஒத்தப் பொட்டப்பிள்ள ஊரையே சாவடிச்சிட்டாளே." "இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் வாங்கிக் குடுக்கக்கூடாதுங்கிறது." திருத்தங்கலிலிருந்து அப்பாவும் யாரோ ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். எங்கள் வீடே போய்விட்டது என்று அவருக்கு யாரோ போன் போட்டிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பெட்டியை எடுத்து ஓடைக்குள் எறிந்தார். அவர் வாங்கிக் கொடுத்த பெட்டி. என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமாவை ஒருவரும் அடிக்கவில்லை. அவர் சாயங்காலம் வழக்கம்போல வேன் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தில் அம்மாவின் ஐந்து விரலும் வெள்ளியாக ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டும் லேசில் போகவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். போகவில்லை. அவள் அடித்தது தப்பு என்று இப்போதும் சொல்வேன். அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் எங்கள் வீட்டில் தங்கவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் எதிர் வீட்டுச் சித்தியிடம் போய்விடுவேன். ஊரில் நியாயமான ஆள் அவர் ஒருவர்தான் என்பது என் கணக்கு. சித்தி என்னைத் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் வீட்டுக்குள் சுவரில் இரண்டு படம் மாட்டியிருந்தது. ஒரு ஆம்பளை, ஒரு வயசுப் பிள்ளை. தினமும் பூ வைப்பார். அந்தப் படங்களுக்குக் கீழேதான் நான் சாய்ந்து உட்காருவேன். அங்கே சுவர் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு மாமாவையும் அப்பாவையும் அம்மாவையும் வாய் வலிக்கத் திட்டுவேன். சித்தி குழாய் உருட்டிக்கொண்டே கேட்பார்.

அவர்கள் சித்தியின் வீட்டுக்காரரும் மூத்த மகளும். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரே மருந்து ரூம் வெடியில் போனவர்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் படத்தில் இருப்பது யார் என்று கேட்டதில்லை.

ஒருநாள் நான் சொன்னேன். "சித்தி, கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஊரே ஓடுச்சு. நீங்க மட்டுந்தான் சித்தி வேலையப் பாத்துக்கிட்டு இருந்தீக."

சித்தியின் கை நின்றது. என் தலைக்கு மேலிருந்த இரண்டு படத்தையும் பார்த்தார். பிறகு முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, "எந்திரி. ஒங்கம்மா வேன்ல வந்து எறங்குற நேரமாச்சு. வாசல்ல போயி நில்லு" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவரும் அவர்கள் பக்கம்தான் என்று நினைத்தேன். போகவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டேன்.