நான் அரைத்துத் தின்ற அதிமதுரம்

வைத்தியரே, நீங்கள் கொடுத்த வேர் கெட்ட வேர் அல்ல. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் கொடுத்தீர்கள். கேட்டபோதும் சொல்லவில்லை. நான் சாகக் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

எனக்குக் கீழ்பென்னாத்தூரில் மாவு மில் இருக்கிறது. போன வருஷம் வயிற்றுப்புண் வந்தது. வெறும் வயிற்றோடு மில்லைத் திறந்து, பிற்பகல் மூன்று மணிக்குச் சோறு தின்றால் வேறென்ன வரும்? எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்து மாத்திரை கொடுத்தார்கள். பாதியில் விட்டேன். அது என் தப்பு.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது அடி அண்ணாமலையில் சாக்கு விரித்து அதிமதுரம் விற்றுக்கொண்டிருந்தீர்கள். எத்தனை நாள் சாப்பிடலாம் என்று கேட்டேன்.

“வேர்தானேம்மா. ஜாஸ்தி ஆனாலும் ஒண்ணும் பண்ணாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து வாங்கினு போ.”

எரிச்சல் அடங்கியது உண்மை. பத்து நாளில் காரக்குழம்பு சாப்பிட்டேன். அதனால்தான் நம்பினேன். ஒரு துண்டைக் கடித்துச் சாறு விழுங்கச் சொன்னீர்கள். எனக்குப் பல் வலி. மில் கையில் இருக்கிறது. அரைத்துவிட்டேன். ஒரு துண்டு வேர், காலையும் மாலையும் குவித்த கரண்டிப் பொடியாக மாறியது. மில்லுக்கு வரும் ஜமீலா அக்கா, பிரஷர்காரர், தனக்கும் வயிறு எரிகிறது என்றார். அவருக்கும் ஒரு டப்பா கொடுத்தேன்.

ஏழு பௌர்ணமி போனது. முகம் வீங்கியது. மோதிரம் கழலவில்லை. எங்கள் ஊர் டாக்டர், பிரஷர் ஏறியிருக்கிறது என்று நீர் பிரியச் செய்யும் மாத்திரை கொடுத்தார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்த வாரம் கோதுமை டப்பாவை மில்லின் வாய்க்குத் தூக்கினேன். கை பாதியில் நின்றது.

“இன்னாமே, உனக்கும் பெல்ட்டு அறுந்துபோச்சா?” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

அதற்குள் முழங்கால் மடிந்து, ஓடுகிற பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தேன். அவர் ஓடி வந்து மோட்டாரை நிறுத்தினார்.

திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் (தசையும் இதயமும் இயங்கத் தேவையான தாதுச்சத்து) மிகவும் கம்மி. ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பின் வரைபடம்) பார்த்த டாக்டரம்மா நர்சை உடனே கூப்பிட்டார். நெஞ்சும் ஒரு தசைதான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டப்பாவைத் தூக்கிய கை மாதிரி அதுவும் பாதியில் நின்றால்?

“பொடி, லேகியம் எதாவது சாப்பிட்டீங்களா?”

“அதிமதுரம்.”

“டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?”

“அவரு மருந்து சாப்புடறியான்னுதான கேட்டாரு.”

அவர் சிரிக்கவில்லை. அதிமதுரத்தை அதிகமாக, நெடுநாள் சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும் என்றார். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியே தள்ளியிருக்கிறது. பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாதாம்.

பிரஷர் என்றதும் ஜமீலா அக்கா நினைவுக்கு வந்தார். அவரை அழைத்து வர வீட்டுக்காரரை உடனே பஸ்ஸில் அனுப்பினேன். அவர் திரும்பும்வரை என் நெஞ்சை நான் மறந்துபோனேன். அக்காவுக்குச் சாவை நானே அரைத்துக் கொடுத்துவிட்டேனா என்றுதான் கிடந்தேன்.

மாலையில் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

“காலு மரக்கட்டையாட்டம் இருக்குதுன்னு சொல்லினே இருந்தேன். வயசாயிடுச்சுன்னாங்க,” என்றார் அக்கா. “உன் பொடி நல்லா இனிச்சுதுடி.”

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பொடியை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்ததில் இருவரும் பிழைத்தோம். என் பிரஷர் இறங்க வாரக்கணக்கில் ஆனது. இதைப் படிக்கிறவர்கள் வேர், பொடி எது தின்றாலும் டாக்டரிடம் அதன் பெயரைச் சொல்லுங்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது டப்பாவைத் தூக்குகிறேன். தூக்குமுன் ஒரு நொடி கையைப் பார்க்கிறேன். மில் நின்றதும் காது நெஞ்சுக்குப் போகிறது. முன்பு எனக்கு மாதம் என்றால் அடுத்த பொட்டலம் வரை. இப்போது அடுத்த ரத்தப் பரிசோதனை வரை.

அக்காவுக்குக் கொடுத்தது நான்தான் என்று மில் வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீங்கள் இன்னும் அதே சாக்கில் உட்கார்ந்து விற்கிறீர்கள். வருகிற பௌர்ணமிக்கு வருவேன். அக்காவும் வருவார். எவ்வளவு, எத்தனை நாள், யார் தொடக்கூடாது? மலை சுற்றுகிற ஜனம் அத்தனை பேர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.