வெறுங்கையால் இறக்கிய பானை

கொதிக்கிற சோற்றுப் பானையை நான் வெறுங்கையால் இறக்குவேன். என் நோய்க்கு முதல் அறிகுறி அதுதான். எங்கள் வீட்டில் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தோம்.

"எம் மருமவ கரித்துணி தேட மாட்டா. அப்படியே தூக்கி வடிச்சிடுவா" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்வார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அறுபதுகளில் கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. குழந்தைகளைப் பார்க்க நர்ஸம்மா ஒருவர் வரப்பில் நடந்து வருவார். ஒருநாள் நான் பானை இறக்குவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சுடலையா?"

"இல்லீங்க."

கண்ணை மூடச் சொல்லி விரல்களில் ஊசியால் குத்தினார். குத்தியதே தெரியவில்லை. முழங்கையில் படை (உணர்ச்சி இல்லாத வெளிறிய தோல்) இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நிற்கும்போதே சொன்னார்:

"இது குஷ்டம். வியாழக்கிழமை கம்மாபுரம் ரோட்டுப் புளியமரத்தடிக்கு டாக்டர் ஜீப்பு வரும். வந்து மாத்திரை வாங்கிக்க."

"மருந்து குடுக்க வந்தியா, குடியைக் கெடுக்க வந்தியா?" என்று மாமியார் துடைப்பத்தை எடுத்தார். அன்றைக்கே என் எட்டு மாதப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு மாட்டுக் கொட்டகை, தனித் தட்டு. மாரில் பால் கட்டி ஜுரம் வந்தது. வீட்டுக்காரர் தன் அம்மா பக்கமே நின்றார்.

"தொடலாம்னு டாக்டரு வாயால சொல்லட்டும், புள்ளையத் தரேன்" என்றார் மாமியார்.

வியாழன்தோறும் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். டாப்சோன் (அந்தக் கிருமியை அடக்கும் மாத்திரை) கொடுத்தார்கள். ஒருநாள் நர்ஸம்மாவிடம் கேட்டேன்: "என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"தனியாச் சொல்லியிருந்தா இங்க வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அது நிஜம். ஆனாலும் அந்தம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு அறுப்பு போய், இன்னொரு அறுப்பும் வந்தது. பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்க மாமியார் மரத்தடிக்கு வரவில்லை. அங்கே நின்றால் அவரையும் சேர்த்துப் பேசுவார்களாம். எனக்கு ஆண்களிடம் பேசி வழக்கமில்லை. தரையைப் பார்த்தபடி, "வீட்டுக்கு வந்து சொல்லுங்கய்யா" என்றேன். டாக்டர் சேற்றில் இறங்கி வந்து, எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக் காட்டினார்.

மாமியார் பிள்ளையை என் கையில் கொடுக்கவில்லை. தரையில் இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். பிள்ளை என்னைப் பார்த்து அழுதான்.

தூக்கினேன். கைக்கு அவன் சூடு தெரியவில்லை. மாத்திரை நோயை நிறுத்தும். செத்த நரம்பு திரும்பாது. கன்னத்தை வைத்துத்தான் அறிந்தேன். இன்றும் அப்படித்தான்.

உங்கள் கையில் சுடவில்லை என்றால் பெருமைப்படாதீர்கள். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அவனுக்கு முதல் பல் எப்போது முளைத்தது, எப்போது நடந்தான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வியாழக்கிழமைகள்தான்.