ஆடி மாதத்தில் எடுத்த படம்

சினிமாவில் நடிக்க வேண்டும் என்ற ஆசையை ஞானபூரணி வாய்விட்டுச் சொன்னது முப்பத்து மூன்றாவது வயதில்தான். ஆசை அதற்கு முன்பே உண்டு. நர்சிங் கல்லூரி ஆண்டு விழாவில் மூன்று வருடமும் அவள்தான் நாடகம் எழுதினாள். மூன்று வருடமும் நல்ல வேஷத்தைத் தனக்கே வைத்துக்கொண்டாள். பிறகு சிவகாசியில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வேலை கிடைத்தது. விருதுநகரில் கணக்கு வாத்தியாராக இருந்த ஜோபினோடு கல்யாணம் நடந்தது. மகள் ஜெஸ்லினுக்கும் ஆறு வயதாகிவிட்டது. இனிமேல் போய் இப்படி ஓர் ஆசையை யாரிடம் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்புகையில், பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடி ஜோபினிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அந்த இடம் தோதாக இருந்தது.

ஜோபின் ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டினான். கேட் அடைத்திருந்தது. வண்டியை அணைத்துவிட்டு, "எங்க போகணும்? எப்ப?" என்று கேட்டான்.

சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. தென்மாவட்டப் பேச்சு வருகிற புதுமுகங்கள் தேவை என்று போனில் ஒரு விளம்பரம் பார்த்திருந்தாள். இரண்டு நாள் லீவு போட்டு, ரயிலில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். வளசரவாக்கத்தில் ஒரு மாடிவீட்டு ஹாலில் காலை ஒன்பது மணிக்கு உட்கார வைத்தார்கள். கூப்பிடும்போது மணி நாலு.

உதவி இயக்குநர் ஒருவர், நல்ல பையன்தான், காட்சியைச் சொன்னார். கணவன் தீ விபத்தில் இறந்துபோன சேதி வருகிறது. அழ வேண்டும்.

ஞானபூரணி ஒன்பது வருடமாக அந்தச் சேதியைப் பலபேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி கேட்டதும் சுவரோரம் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட செருப்பைத் தேட ஆரம்பித்தாள். இன்னொருத்தி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவருவது என்று கேட்டாள். ஞானபூரணி அதைத்தான் செய்து காட்டினாள். மெதுவாக உட்கார்ந்தாள். செருப்பைத் தேடினாள்.

"நல்லாருக்கு மேடம். ஆனா பாக்குறவங்களுக்குப் புரியணும்ல. கொஞ்சம் சத்தமா அழுங்க."

சத்தமாக அழுது பார்த்தாள். வரவில்லை. போனில் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

ஊருக்கு வந்த மறுவாரம், ஜோபினுடைய பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பட்டாசு ஆலை விபத்தில் இரண்டு கையும் வெந்துபோன ஒருவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறான். அவன் மனைவி அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. கணவன் அழுவான், மனைவி தேற்றுவாள், மூன்று பக்கத்துக்கு வசனம். மனைவி வேஷம் யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற பஸ்ஸில் எழுதினாள். டூட்டி மாறும் நேரத்தில், மருந்து அலமாரியின் மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதினாள்.

ஜோபின் நோட்டை வாங்கிப் படித்து, சிவப்பு மையால் பிழை திருத்தினான்.

"'வாளப்பளம்'னு எழுதியிருக்க. தப்பு."

"அவுக அப்படித்தானங்க பேசுவாக."

அவன், தான் அடித்த இடத்திலெல்லாம் திரும்ப 'சரி' போட்டுக் கொடுத்தான்.

படம் பிடிக்க ஆமத்தூர் சரவணக்குமாரைக் கேட்டாள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று சுற்றுவட்டாரமெல்லாம் வீடியோ எடுப்பவன். ஜெஸ்லினின் ஞானஸ்நானத்துக்கும் அவன்தான் வந்திருந்தான். கதையைக் கேட்டதும் அவன் முதலில் சொன்னது, "ஆடி மாசம் வச்சுக்கிடுவோமாக்கா?" என்பதுதான். ஆடியில் கல்யாணம் கிடையாது. கேமரா சும்மா கிடக்கும், அவனும் சும்மா கிடப்பான். லைட்டும் அப்படித்தான். "எனக்கும் ஆசைதான்க்கா. பதினோரு வருசமா மாப்பிள பொண்ண மட்டுமே எடுத்துக்கிட்டிருக்கேன்."

ஒலிவாங்கி பிடிக்கிற நீளக் கம்பி ஜோபினின் கைக்கு வந்தது. உயரம் அவனுக்குத்தான் இருந்தது.

சிக்கல் கணவன் வேஷத்தில் வந்தது. மதுரையிலிருந்து வந்த மேக்கப்காரர் ஒரு கையில் தீக்காயம் வரைந்து காட்டினார். ஜாம் பூசியது போலிருந்தது. பார்த்த உடனே ஞானபூரணிக்கு சோலைமலையின் ஞாபகம் வந்தது. கூடவே குற்ற உணர்ச்சியும் வந்தது.

சோலைமலைக்கு ஊர் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. ஆறு வருடம் முன்பு மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்ததில் இரண்டு கையும் வெந்துபோய், நாற்பத்தொரு நாள் அவளுடைய வார்டில் கிடந்தார். தினமும் காலையில் அவருக்குக் கட்டு மாற்றியவள் ஞானபூரணி. கை பிழைத்தது. விரல்கள் மட்டும் பாதி மடங்கியே நின்றுவிட்டன. இப்போது ஒரு பிரிண்டிங் கம்பெனியில் வாட்ச்மேன். அவரிடம் போய், உங்கள் கையைக் கேமரா முன்னால் காட்டுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து, யூனிஃபார்மை மாற்றாமலே அவர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் மனைவி ஆவுடைத்தாய் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், வாங்க. எம்புட்டு நாளாச்சு. சாப்பிட்டீகளா?"

காப்பி வந்தது. ஞானபூரணி கதையைச் சொன்னாள். வேண்டாமென்றால் வேண்டாம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பதை மூன்று முறை சொன்னாள். சோலைமலை மடங்கிய விரல்களுக்கு நடுவே தம்ளரை வைத்துக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கதையில நான் செத்துப்போறனா சிஸ்டர்?"

"இல்லண்ணே. நல்லாத்தான் இருப்பீக."

"அப்பச் சரி."

ஆவுடைத்தாய் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடி இரண்டாம் வாரம், அவர்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு. மொத்தம் நாலு நாள். முதல் இரண்டு நாள் நடை, வாசல், கட்டில், ஜன்னல் என்று சுலபமாகப் போயிற்று. மத்தியானத்தில் எங்கோ தள்ளி ஆலைகளில் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் சரவணக்குமார் திடுக்கிட்டுக் கேமராவை ஆட்டினான். சோலைமலை அசையவில்லை. "அது சரம், தம்பி," என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் சோறு ஊட்டுகிற காட்சி. சேதி தெரிந்து தெருப் பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள். ஞானபூரணி பழைய நூல் சேலை கட்டி, தட்டில் சோற்றைப் பிசைந்து, வசனத்தைச் சொல்லியபடி முதல் கவளத்தை நீட்டினாள். சோலைமலையின் வாய் திறந்தது. கழுத்து மரக்கட்டையாக நின்றது. கண் மட்டும் நகர்ந்து நகர்ந்து, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற ஆவுடைத்தாயிடம் போயிற்று. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவள் நிமிர்ந்தபோது ஆவுடைத்தாய் அங்கே இல்லை. கொல்லைக்கதவு திறந்து கிடந்தது.

ஞானபூரணிக்கு, ஆறு வருடம் முன்பு இந்த வீட்டுக்குத் தான் செய்ததையெல்லாம் இப்போது தானே வந்து கெடுத்துவிட்டோமே என்று தோன்றியது. சோற்றுக்கையைக் கழுவாமலே பின்னால் போனாள்.

ஆவுடைத்தாய் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் நிப்பாட்டிருதேன். தப்பா எடுத்துக்கிடாதீக. இன்னொரு ஆள வச்சு..."

"அதுக்கில்ல சிஸ்டர். நீங்க ஊட்டுனா எனக்கென்ன. ஆஸ்பத்திரியில நீங்க ஊட்டுனதில்லயா?"

"பெறகென்னக்கா?"

ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாவம்னு ஊட்டுறீக. நான் அப்பிடி ஊட்டல. எனக்குக் கோவம். அன்னைக்கு அவருக்கு மேலுக்கு முடியல, போகாதீகன்னு சொன்னேன். தீவாளி சீசன், லோடு போகணும்னு போனாரு. வீட்டுக்கு வந்து பத்து நாளு அவரு மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. சோத்தப் பாத்து ஊட்டுனேன். அவரு கூரையப் பாத்துத் தின்னாரு. நீங்க என்னடான்னா அம்புட்டுப் பேச்சுப் பேசுறீக. நாங்க பேசவே இல்லயே."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொன்னதில்லை. வெந்துபோய் வந்த மனுசன்மேல் கோபப்பட்டாளாம் என்று ஊர் பேசுமே என்ற பயம்.

ஞானபூரணி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தொரு நாளும் தான் பார்த்தது சோலைமலையின் கையைத்தான். பார்வையாளர் நேரத்தில் வந்து சுவரோடு சுவராக நின்றுவிட்டுப் போன இந்தப் பெண்ணை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தாளா? யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"பத்து நாளைக்குப் பெறகு என்ன ஆச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகல. கோவம் ஓஞ்சுபோச்சு. கோவத்துக்கும் கை வலிக்கும்ல."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். உள்ளே போகும்போது ஆவுடைத்தாய்தான் முன்னால் போனாள். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து, "ஏட்டி, அவுக வேலையப் பாக்கட்டும், போங்க," என்று கதவைச் சாத்தினாள். ஞானபூரணி மூன்று பக்க வசனத்தையும் நோட்டிலிருந்து கிழித்து ஜோபினிடம் கொடுத்தாள். அவன் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணும் பேச வேண்டாம். என்னையப் பாக்கவும் வேண்டாம். சும்மா தின்னுங்க."

சரவணக்குமார் கேமராவை ஓடவிட்டான். ஞானபூரணி சோற்றை மட்டும் பார்த்தாள். ஆத்திரத்தோடு பிசைந்தாள். கவளம் உருட்டுகிற விரலில் வேகம் இருந்தது, வாய்க்குக் கொண்டுபோகும்போது வேகம் தானாகக் குறைந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சோலைமலை கூரையைப் பார்த்து மென்றார். அப்படியே மூன்று நிமிடம் போயிருக்கும். சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் திடீரென்று சொன்னார்.

"உப்பில்ல."

"இல்லாமத்தான் இருக்கும்," என்றாள் ஞானபூரணி, தலையைத் தூக்காமல்.

அடுத்த கவளத்தையும் அவர் வாங்கிக்கொண்டார். கதவோரமாக நின்ற ஆவுடைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோபினின் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்து, சோலைமலையின் தலையில் இடித்தபோதுதான் சரவணக்குமார் நிறுத்தினான். ஜோபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மன்னிச்சுக்கோங்கண்ணே, கை அசந்துபோச்சு," என்றான்.

பத்தொன்பது நிமிடப் படம். முதலில் அதைச் சோலைமலை வீட்டு டிவியில்தான் போட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் அவர், "நான் நல்லாத்தான் தின்னுருக்கேன்," என்றார். ஆவுடைத்தாய் திரும்பப் போடச் சொன்னாள். அந்தக் காட்சி வந்ததும் அவரைத் திரும்பிப் பார்த்து, "அன்னைக்கு எனக்குக் கோவம்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாமலா. நீ உருட்டுன உருட்டுல சோறு கொழுக்கட்டையாட்டம் இருந்துச்சு."

ஆறு வருடத்தில் அந்தப் பேச்சு அவர்களுக்குள் வந்தது அன்றைக்குத்தான். ஞானபூரணியும் ஜோபினும் மெதுவாக எழுந்து வெளியே வந்து, வண்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

நாலு குறும்பட விழாக்கள் படத்தைத் திருப்பி அனுப்பின. இரண்டு விழாக்களிலிருந்து பதிலே இல்லை. திருச்சியில் ஒரு திரைப்பட இயக்கம் நடத்திய சின்ன விழாவில் எடுத்துக்கொண்டார்கள். அறுபது நாற்காலி, நாற்பது பேர். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. சரவணக்குமாருக்கு அதில் வருத்தம். ஞானபூரணிக்கு, இருட்டில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் 'உப்பில்ல' என்ற இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டதே, அது போதுமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு போன் வந்தது. பிரீத்தி என்று ஒரு பெண், சாத்தூர்க்காரி. சொந்த முயற்சியில் முதல் படம் எடுக்கப் போகிறாள். பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. திருச்சியில் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"உங்களுக்கு ஒரு வேஷம் இருக்குக்கா. பதினொரு நாள். அதோட, இதுல வர்ற பொம்பளைங்க பேசுறது எனக்குச் சரியா வரல. நீங்க எழுதித் தருவீகளா?"

ஞானபூரணி அப்போது வார்டின் நடையில், ஒரு கையில் டிரிப் பாட்டிலோடு நின்றிருந்தாள். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, பாட்டிலை மாட்டி, சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல்தான்.

லீவு கிடைப்பது லேசாக இல்லை. கூட வேலை பார்க்கிறவர்களிடம் டூட்டியை மாற்றி மாற்றி வாங்கி, தீபாவளி நெருக்கடியில் எல்லாருக்கும் பதிலாகத் தான் நின்று அந்தக் கடனை அடைத்தாள். இருக்கன்குடியில் ஆற்று மணலில் முதல் நாள் படப்பிடிப்பு. பூக்காரி வேஷம். மற்ற பெண்களின் வசனங்களை முந்தின நாள் இரவே பாதியாகக் குறைத்துக் கொடுத்திருந்தாள். பிரீத்திக்கு முதலில் பயம்தான், பிறகு சரியென்று விட்டுவிட்டாள். சோலைமலைக்கும் ஒரு சின்ன வேஷம் கேட்டார்கள். அவர், "ஒண்ணு போதும்மா," என்று சிரித்துவிட்டார்.

பதினொரு நாளும் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், வார்டில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கையிலும் மார்பிலும் காயம். கட்டு மாற்றிவிட்டு அவள் வெளியே வந்தபோது, நடைபாதை பெஞ்சில் அவர் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வர மாட்டேன் என்கிறாள், ராத்திரியிலிருந்து இப்படியே இருக்கிறாள் என்று ஆயா சொன்னாள்.

வேறொரு நாளாக இருந்தால் ஞானபூரணி, 'உள்ள வந்து பாருங்கம்மா, அவருக்கு ஆறுதலா இருக்கும்' என்று சொல்லியிருப்பாள். அன்று கேண்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். ஒன்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பாதி டீயைக் குடித்தாள். அப்புறம், "போகாதன்னு சொன்னேன் சிஸ்டர்," என்றாள்.

"ம்," என்றாள் ஞானபூரணி. "சொல்லுங்க."