புழு தின்ற கோழி முட்டைக்காக ஏற்காடு வரை

என் நாத்தனார் எங்கள் வீட்டில் இரண்டு ஆம்லெட்டைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான், அந்தக் கோழிகளுக்குத் தீனியே புழு என்று கேள்விப்பட்டார். எழுந்துபோய் வாய் கொப்பளித்தார். இனி உங்கள் வீட்டில் முட்டையைத் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டுக்காரர் அந்த முட்டையை வாங்கி வந்தது ஏற்காட்டில். நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சேலத்தில் காலை ஏழு மணி பஸ். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்னால் உட்காருங்கள். எட்டரைக்கெல்லாம் ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி, என் வீட்டுக்காரர் முட்டை வாங்கிய ஷமீம் அக்காவின் மளிகைக் கடை வாசலில் நின்றேன். ‘புழு தின்ற கோழி முட்டை, ஒன்று பத்து ரூபாய்’ என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். படித்தவர்களில் பாதிப்பேர் முகம் சுளித்து, பக்கத்துக் கடையில் நாட்டுக்கோழி முட்டையைப் பதினெட்டு ரூபாய்க்கு வாங்குகிறார்கள். அட, நாட்டுக்கோழி குப்பைமேட்டில் நாளெல்லாம் எதைக் கிளறுகிறதாம், முந்திரிப்பருப்பையா?

குறையோ நிறையோ, சொல்லித்தான் விற்கவேண்டும் என்பது ஷமீம் அக்கா குடும்பத்துப் பழக்கமாம்.

கோழிகள் இருப்பது பக்கத்தில் செம்மநத்தம் கிராமத்தில். ஒடுக்கமான ரோடு, ஆட்டோவுக்குப் போகவர அறுநூறு. வளர்க்கும் செல்வி, எஸ்டேட்டில் காபி பறிக்கப் போகிறவர். பழத்தோலைத் தொட்டியில் கொட்டிப் புழு வளர்க்கிறார். உள்ளே எட்டிப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது, பொய் சொல்லமாட்டேன். செல்வி ஒரு கை அள்ளி வீச, கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்து ஓடிவந்தன. முட்டை இப்படியே தேங்கினால் இந்த மாதத்தோடு கோழிகளைக் கறிக்குத் தள்ளிவிட வேண்டியதுதான் என்றார்.

முட்டைத் தட்டோடு அவரும் என் ஆட்டோவிலேயே கடைக்கு வந்தார். அங்கே ஒரு ரிசார்ட் மேனேஜர் காத்திருந்தார். தினமும் மொத்த முட்டையையும் எடுத்துக்கொள்வாராம். சிலேட்டை மட்டும் கழற்றிவிடவேண்டும். அவர்கள் மெனுவில் ‘மலை நாட்டுக்கோழி முட்டை’ என்று போட்டுக்கொள்வார்களாம். கழற்றித் தொலையுங்களேன் என்று எனக்கே வாய்வரை வந்தது. ஷமீம் அக்கா செல்வியைப் பார்த்தார். கோழி செல்வியுடையது, நட்டமும் அவருக்குத்தான்.

செல்வி தட்டை இறக்கி வைத்தார். “இருக்கட்டுங்க அக்கா. தெனமும் இந்தக் கையாலதான் புழுவ அள்ளிப் போடறேன். அதச் சொல்ல எனக்கென்னங்க வெக்கம்?”

மேனேஜர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஷமீம் அக்கா சிலேட்டைத் துடைத்தார். அதே வரியை இன்னும் பெரிதாக எழுதி, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் படும்படி ரோட்டுப்பக்கம் திருப்பி மாட்டினார்.

நீங்களும் போனால் காலையிலேயே போங்கள், முட்டைக்கு ஒரு கூடையும் துணியும் கொண்டுபோங்கள். வளைவுகளில் மடியில் வைத்துக்கொண்டால் உடையாது. பிடிக்கவில்லையென்றால் பக்கத்துக் கடை இருக்கவே இருக்கிறது. சிலேட்டை எடுக்கச் சொல்லி மட்டும் புத்தி சொல்லாதீர்கள்.

நான் முப்பது முட்டை வாங்கி வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறார். புழு தின்ற கோழி முட்டை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கல்லில் ஊற்றுவேன். வேண்டாமென்றால் ரசம் இருக்கிறது.