கல்லில் வைத்த உப்பு

போன மாதம் மகனும் மருமகளும் ஆபிரிக்காவுக்குப் போய், காட்டுக்குள் உள்ள ஒரு விடுதியில் ஒரு கிழமை தங்கிவிட்டு வந்தார்கள். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். விடியமுன்னம் வேலையாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து கதவில் தட்டுகிறான், குளிக்க வெந்நீர் சுமக்கிறான், விறாந்தையில் பழத்தோல் கிடக்காமல் பொறுக்குகிறான். எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைகள். பிறகு ஒரு யானை வந்தது. ஆட்கள் விறாந்தையில் இருந்து பார்க்க, அது கொஞ்சம் தள்ளி நின்று தரையைக் காலால் சுரண்டி, தும்பிக்கையால் எடுத்து வாயில் வைத்தது.

"உப்பம்மா. விடுதிக்காரரே வைக்கினம். இல்லாட்டி சனம் யானையைக் கிட்டப் பாக்கிறதெப்பிடி?" என்றான் மகன்.

"வைக்கலாமோ?"

"ஏனம்மா வைக்க ஏலாது? அதுதானே அவையின்ர பிழைப்பு."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. மன்னாருக்குத் தெற்கே உள்ள பெரிய காட்டில், மிருகம் பார்க்க வருகிறவர்கள் தங்கும் பங்களா ஒன்றில் அப்பா சமையற்காரராக இருந்தார். கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்த என்னை, வீட்டில் எனக்குத் தம்பி பிறக்கிற நேரம் என்று, விடுமுறைக்கு அப்பாவிடம் அனுப்பினார்கள்.

குசினி பங்களாவுக்குப் பின்னால் தனியாக, மண்சுவரோடு இருந்தது. அப்பா மீந்த சோற்றையும் மீன்முள்ளையும் ஆழக் குழி வெட்டிப் புதைத்து, மேலே சாம்பல் போடுவார். உப்புப் பானையைத் துணியால் கட்டி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். "உப்பிருக்கிற இடத்தை யானை மோந்து பிடிச்சிடும், பிள்ளை. வெளியில ஒரு கல்லும் சிந்தப்படாது" என்பார். வந்தவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி அண்ணை இதைக் கேட்டுச் சிரிப்பார். "உப்பென்ன பிள்ளை, உன்ர கொப்பற்ர தேங்காய்ப்பால் சொதிக்கே ஒருநாள் யானை வரும், இருந்து பார்" என்பார்.

அங்கே எனக்கு விளையாட ஒருவரும் இல்லை. மைமல் பொழுதில், இருள் விழும்போது, காதுநுனி கிழிந்த பெட்டை மரைமான் ஒன்று காட்டு ஓரத்துக்கு வரும். காதுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். நான் அசைந்தால் முன்காலால் நிலத்தை ஒரு அடி அடித்துவிட்டு மறைந்துவிடும். அது என் கிட்ட வரவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. சமைக்கிற நேரம் பெட்டி திறந்து கிடக்கும். ஒரு பிடி உப்பை எடுத்து, குசினிக்குப் பின்னால் இருந்த குழிவிழுந்த கல்லில் வைத்தேன். அடுத்த நாளும் வைத்தேன். ஐந்தாம் நாள் மரை வந்து நக்கியது. அதன் நாக்கு கல்லில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடம் போதவில்லை.

எட்டாம் நாள் விடியப்புறம் யானை வந்தது. ஒற்றை யானை. கல்லைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. அதில் மிச்சம் இருக்கவில்லை. பிறகு சுவரோரமாக மெல்ல மோந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்று நெற்றியால் தள்ளியது. சுவர் அப்படியே உள்ளே சரிந்தது. பெட்டியைக் காலால் மிதித்து உடைத்து, பானையில் இருந்து சிதறிய உப்பைத் தின்றது. அதற்கு அவசரமே இருக்கவில்லை. பங்களாவில் தங்கியிருந்த கொழும்பு மனிதர் ஒருவர் கமெராவோடு ஓடிவந்து, படியில் தடக்கி விழுந்து கை முறிந்து அலறினார். அந்தச் சத்தத்துக்குத்தான் யானை திரும்பிப் போனது.

நான் நாங்கள் படுக்கிற அறையின் கதவோரம் நின்று மாதாவிடம் மன்றாடினேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது, அது ஒன்றுதான் என் மன்றாட்டு.

அப்பா இடிந்த குசினியைச் சுற்றி வந்தார். கல்லருகே குந்தினார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு வாளியில் தண்ணீர் அள்ளிக் கல்லைக் கழுவினார். என்னைக் கூப்பிட்டார். "கையைக் காட்டு பிள்ளை, கழுவிப்போட்டுச் சாப்பிடுவம்" என்று, என் வலக்கையை விரலிடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவி, தன் சால்வையால் துடைத்துவிட்டார்.

மத்தியானம் காட்டு அதிகாரி ஜீப்பில் வந்தார். கை முறிந்தவரை ஏற்றி அனுப்பிவிட்டு, சுவரைப் பார்த்தார்.

"வீடு உடைக்கத் துணிஞ்ச யானை இனி ஆளையும் அடிக்கும். சுடத்தான் வேணும்."

அப்பா தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "யானையில பிழையில்லை, ஐயா. நான்தான் உப்பு வைச்சனான்."

"நீரோ? உமக்குச் சட்டம் தெரியாதோ?"

"தெரியும் ஐயா. மரை கிட்ட வந்தா, வந்த ஆக்கள் பாத்துச் சந்தோஷப்படுவினம் எண்டு நினைச்சன்."

வழிகாட்டி அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரைப் பார்த்தார். அவர் இடிந்த சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். அப்பாவும் உப்பு வைத்திருக்கிறார், அதனால்தான் யானை வந்தது, என்னுடைய உப்பு மரைக்கு மட்டும்தான் என்று நினைத்து, எனக்கு மூச்சு வந்தது.

யானையைச் சுடவில்லை. அப்பாவின் வேலை அன்றோடு போனது. வழிகாட்டி அண்ணைதான் எங்களை ஜீப்பில் றோட்டுவரை கொண்டுவந்து விட்டார். "சொதிக்கு யானை வருமெண்டு பகிடிக்குத்தானே அண்ணை சொன்னனான்" என்று அப்பாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். ஊருக்கு வந்து அப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனார். உப்புத்தண்ணீரில் நின்று அவருடைய கால் வெடித்துவிடும், பின்னேரங்களில் நான்தான் தேங்காயெண்ணெய் பூசிவிடுவேன். அடுத்த தவணைக்கு என்னை மடத்துக்கு அனுப்பவில்லை. தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

சாகும்வரை அப்பா அந்தக் கல்லைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதா என் மன்றாட்டைக் கேட்டுவிட்டார் என்றே நான் நம்பியிருந்தேன். அடுப்பு இடிந்து, அரிசி மண்ணோடு கலந்து கிடந்த அந்தக் காலையில், என்ன சாப்பாட்டுக்காக அவர் உப்பு அள்ளிய என் கையைக் கழுவினார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.