இடது தட்டில் ஒரு நசுங்கல்

அந்தத் தராசின் இடது தட்டில், விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, கட்டைவிரல் அழுந்தும் அளவுக்கு ஒரு நசுங்கல் உண்டு. துருவேறிய இரும்புக் கோல், மும்மூன்று சங்கிலிகளில் தொங்கும் இரண்டு தட்டுகள், நடுவில் நூல் சுற்றிய ஒரு பிடி. பார்ப்பதற்கு அதில் எந்தச் சிறப்பும் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தட்டைத் தடவச் சொன்னாலும் நசுங்கல் இருக்கும் இடத்தை என் விரல் கண்டுபிடித்துவிடும். அது உண்டானபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உண்டானதற்கு ஒருவகையில் நானே காரணமும்கூட.

அறுபதுகளின் கடைசி ஆண்டுகள். மயிலாப்பூரின் கோயில் தெருக்கள் முடிந்து கடற்காற்று தொடங்கும் இடத்தில் எங்கள் சந்து இருந்தது. அதன் மேற்கு முனையில் பங்களாக்கள். கிழக்கு முனையில் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் மீனவர் குப்பம். சந்தின் நடுவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தவர், பக்கத்துத் தெரு மருத்துவர் ஒருவரிடம் மருந்து கலக்கிக் கொடுத்துவந்த கம்பவுண்டர். பங்களாக்காரர்களும் குப்பத்தாரும் ஒரே பலகையில் உட்கார்ந்து காத்திருந்த இடம் எங்கள் பகுதியில் அவருடைய மருந்து ஜன்னலுக்கு எதிரே மட்டும்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் செருகிய பென்சில், ஒரு வேளைக்கான மருந்தளவு தெரிவதற்காகப் பல்பல்லாய் வெட்டிய காகிதப் பட்டையைப் புட்டியில் ஒட்டும்போது உதட்டைக் கடித்துக்கொள்ளும் பழக்கம், இவைதான் எங்களுக்குத் தெரிந்த கம்பவுண்டர். அவர் மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறார் என்று கேட்டபோது சந்தே சிரித்தது. நான்கு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் சொல்ல வந்ததையே மறந்துவிடும் மனிதர் அவர்.

அவர் நின்றதற்குக் காரணம் ஒன்றுதான்: தண்ணீர்க் குழாய். குப்பம் முழுவதற்கும் குடிதண்ணீர்க் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. சாலையைத் தாண்டி எங்கள் சந்து முனைக் குழாய்க்கு வந்து, அங்கே கூட்டமாக இருந்தால் மணலில் தோண்டிய ஊற்றுக்கே திரும்பிப் போவார்கள். ஒவ்வொரு கோடையிலும் வாந்திபேதி வரும். கம்பவுண்டர் புட்டி புட்டியாக மருந்து கலக்குவார். சில வீடுகளிலிருந்து காலிப் புட்டி திரும்பி வரும். அதைக் குடித்த குழந்தை திரும்பி வராது. "அதே தண்ணியிலதாம்மா என் மருந்தையும் முழுங்குறாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குமேல் அவர் அதை விளக்கவில்லை.

நான் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்து, வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். சமூகத்துக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற துடிப்பு இருந்தது. எதைச் செய்தாலும் விளைவை எடைபோட்டே செய்ய வேண்டும் என்ற கர்வமும் கூடவே இருந்தது. வேட்புமனுவை எழுதிக் கொடுத்தவள் நான்தான். சின்னம் ஒதுக்கிய நாளில் எங்கள் முறை வந்தபோது பட்டியலில் இரண்டே மிஞ்சியிருந்தன: படகு, தராசு. கம்பவுண்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகினார், என்னைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, நீ சொல்லு."

நான் நிதானமாக யோசித்தேன். படகை எடுத்தால் குப்பத்தின் வேட்பாளர் என்று பங்களாக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள். தராசு நீதியின் அடையாளம். இரு முனைக்கும் பொது. இப்படி எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்து, தராசு என்று சொன்னேன். அந்த ஆராய்ச்சியில் ஒன்றே ஒன்று குறைந்தது. குப்பத்தில் எவரிடமும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தியாகராய நகரில் ஓர் அச்சகத்தில் துண்டறிக்கைகளை அடித்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். கரையில் மீன் ஏலம் கூறும் அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் குரலுக்கு அலையே ஒதுங்கும் என்பார்கள். அறிக்கையைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். படத்தில் அவள் பார்வை நின்றது.

"இன்னா நைனா இது? எறா யாவாரி சின்னத்த நீ எதுக்குத் தூக்கிக்கினு வந்துகீற?"

அதன் பிறகே எனக்கு விளங்கியது. குப்பத்தில் மீனை யாரும் நிறுப்பதில்லை. கூறு கட்டி வைப்பார்கள், ஏலம் கூறுவார்கள். கண்ணும் கையுமே அளவு. இறால் மட்டும் வெளியூர் போகிற சரக்காகிவிட்டதால் கிலோக் கணக்கில் போயிற்று. அதை வாங்க வரும் வியாபாரி தன் தராசைத் தானே கொண்டுவந்து தானே பிடிப்பான். குப்பத்துப் பெண்கள் அறிந்த தராசு அது ஒன்றுதான்.

"ரெண்டு கிலோ எறா அவன் தட்டுல ஏறினா ஒன்றரையா எறங்குது. கடல்ல கீறப்போ கொழுகொழுன்னு கீது, அவன் கைக்குப் போனா எளைச்சிப் பூடுது!" என்றாள் அக்கா. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பினாள். "நீதான் எழுதிக் குடுத்தியாமே? படகு இருந்துச்சாம், வுட்டுட்டியாம். காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அன்று மீதி அறிக்கைகளைக் கொடுக்காமலே திரும்பினோம். வழிநெடுக நான் மன்னிப்புக் கேட்டேன். கம்பவுண்டர் கடற்காற்றில் கசங்கிவிட்ட சட்டையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வந்தார். ஆனால் மறுநாள் மாலை, அந்தச் சட்டைத் தோளிலேயே துருக்கறை படிய, ஒரு தராசைச் சுமந்துகொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். அடுத்த தெருவில் விறகுத் தொட்டி வைத்திருந்த பாயிடம் இரவல் கேட்டிருக்கிறார். பாய் பழைய தராசு ஒன்றையும் முத்திரை குத்திய எடைக்கற்களையும் கொடுத்து, "ஜெயிச்சா நீங்களே வெச்சுக்குங்க, தோத்தா எனக்குத் திருப்பிக் குடுத்துடணும்" என்று பந்தயம் கட்டியிருக்கிறார்.

குப்பத்தில் வலை உலர்த்தும் கம்பத்தில் அதை மாட்டப் போனார். அக்கா வந்தாள். தட்டைச் சங்கிலியோடு பிடுங்கி, பக்கத்திலிருந்த கல்லில் ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தத்தில் கூடையருகே உட்கார்ந்திருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. கம்பவுண்டர் பதறவில்லை. தட்டைத் துடைத்தார், மாட்டினார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிலோக் கல்லை வைத்தார். கோல் ஆடி ஆடி நேரே நின்றது. தட்டுகளை மாற்றி மாட்டிப் பார்த்தார். அப்போதும் நேரே நின்றது.

"நசுங்கிச்சு, எடை மாறல. இத நான் புடிக்க மாட்டேன். நீயே புடி. யாவாரி வர்றதுக்கு முன்னால நீயே நிறுத்துப் பாரு."

எனக்கோ புதிய கவலை. வாக்காளருக்கு வேட்பாளர் பொருள் கொடுக்கலாமா? திரும்பும் வழியில் கேட்டேன். "நான் எங்கம்மா குடுத்தேன்? மாட்டி வெச்சிருக்கேன். பந்தயப்படி அது இன்னும் பாயோடதுதான்" என்றார். அது சரியான பதில்தானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

இரண்டு நாள் கழித்து இறால் வியாபாரி வந்தான். அக்கா தன் கூடையை முதலில் கம்பத்துத் தராசில் ஏற்றி, எடையை ஏலக் குரலில் கரையெங்கும் கேட்கக் கூவினாள். பிறகு அவனிடம் கொடுத்தாள். அவன் தராசு கால் கிலோ குறைத்துச் சொன்னது. "உன் தராசுக்கு உடம்பு சரியில்ல போல. நம்ம கம்பவுண்டராண்ட மருந்து வாங்கிக்க" என்றாள். அவன் கூடையை வைத்துவிட்டுக் கோபமாகப் போனான். மறுநாளும் வரவில்லை. குப்பத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விற்காத இறாலைக் காயப்போட்டார்கள். அந்த இரண்டு நாளும் எனக்கு உறக்கமே இல்லை. ஒரு தவறைத் திருத்தப்போய் அவர்கள் பிழைப்பையே கெடுத்துவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் வந்தான். நிறுவையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதன்பின் விறகு, புளி, சர்க்கரை என்று குப்பத்துக்குள் வந்த எந்தப் பொருளும் அந்தக் கம்பத்தைத் தொடாமல் வீடு போய்ச் சேரவில்லை.

கம்பவுண்டரின் ஒரே பொதுக்கூட்டம் சந்து முனையில் நடந்தது. நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கப் பேச்சை விரித்துப் பிடித்தார். "பெரியோர்களே" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "குப்பத்துக்குக் கொழா வேணும்" என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று முடித்தார். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. ஆனால் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரும் அவர் எதற்காக நிற்கிறார் என்று தெளிவாக அறிந்தே வீடு திரும்பினார்கள். என் நான்கு பக்கத்தால் அது நடந்திருக்காது.

அவர் தோற்றார். ஒரு சந்தில் இருக்கும் ஓட்டுகளின் அளவே ஆன வித்தியாசத்தில் தோற்றார். குப்பம் அவருக்குப் போட்டது. "நல்ல மனுஷர், ஆனா இதெல்லாம் அவருக்கு எதுக்கு" என்று சொன்ன பங்களாக்காரர்கள், நான் யாரை மனத்தில் வைத்துப் படகை விட்டேனோ அவர்கள், வேறு சின்னத்தில் முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். படகாக இருந்திருந்தால் அடுத்த குப்பத்துக்காரர்களும் சேர்ந்து ஜெயிக்க வைத்திருப்பார்களோ என்ற கேள்வி பல ஆண்டுகள் என்னை விடவில்லை.

மறுநாள் காலை பந்தயத்தைத் தீர்க்கத் தராசைக் கழற்றப் போனார். அக்கா கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓட்டுலதான நீ தோத்த? தராசு இன்னா பண்ணிச்சு?"

"பாயோட பந்தயம்மா."

"பாய வந்து கேக்கச் சொல்லு."

பாய் வந்தார். கூடையும் கத்தியுமாக நின்ற பெண்களைப் பார்த்தார். "சரி, நான் தோத்ததா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்தவர் நன்றி சொல்ல ஜீப்பில் வந்தது அடுத்த வாரம். மாலைகளோடு இறங்கியவரை அக்கா நேரே கம்பத்தடிக்கு அழைத்துப்போனாள். ஒரு தட்டில் எங்கள் சந்துக் குழாயில் நிரப்பிய குடம். மறு தட்டில் ஒவ்வொன்றாகக் கற்களை அவரையே வைக்கச் சொன்னாள். பாயின் கற்கள் தீர்ந்த பிறகும் குடத்துத் தட்டு மணலைவிட்டு எழும்பவில்லை. "இத்தத்தான் எங்க பொண்ணுங்க ரோட்டத் தாண்டித் தூக்கிக்கினு வருது, ஒரு நாளைக்குப் பத்து தபா. ஒரு தபா நீ தூக்கிப் பாரு சார்." அவர் சிரித்தார். பிறகு, சுற்றி யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும், மெய்யாகவே தூக்கினார். சாலைவரை நடந்தார். வேட்டி நனைந்தது. திரும்பி வந்து குடத்தை இறக்கி வைத்தவரிடம் கம்பவுண்டர் ஒரு தாளை நீட்டினார். புட்டிப் பட்டைக்கான காகிதத்தில், குழாய் எந்த வழியாக வரவேண்டும், எங்கெங்கே நிற்கவேண்டும் என்று அளவோடு பென்சிலால் வரைந்திருந்தார். நேற்றுவரை எதிர்த்து நின்றவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்ட அந்தக் கவுன்சிலரை நான் இன்றும் மதிக்கிறேன்.

எழுபதுகள் பிறந்த சில மாதங்களில் குப்பத்தில் மூன்று குழாய்கள் நின்றன. அந்தக் கோடையில் மருந்து ஜன்னலில் நிரப்பத் தேவையில்லாமல் காலிப் புட்டிகள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. கம்பவுண்டர் அவற்றைத் துடைத்துத் துடைத்து வெயிலில் வைத்தார். அப்போதுதான், கேட்கத் துணியாமல் வைத்திருந்ததைக் கேட்டேன்: "படகை எடுத்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களா?"

"இருக்கலாம்" என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆனா படகு அவங்ககிட்ட ஏற்கெனவே இருந்துச்சேம்மா" என்றார்.

அவர் மறைந்து வெகுகாலமாகிறது. ஆதம்பாக்கத்தில் இருக்கும் நான் எப்போதாவது அந்தக் கரைக்குப் போகிறேன். சென்ற மாதமும் போயிருந்தேன். குடிசைகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள். ஏலக் கொட்டகையில் ஓர் இளம்பெண் மின்தராசில் இறாலை ஏற்றினாள். சிவப்பு எண்கள் மின்னின. வாங்க வந்தவர் பணத்தை எடுக்கப் போனார்.

"இரு அண்ணே, அவசரப்படாத" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் ஓரத்துக்குப் போனாள். அங்கே, கம்பத்தில், நசுங்கிய அந்த இடது தட்டில் இறாலைக் கொட்டி, மறு தட்டில் கற்களை வைத்து, கோல் நேரே நிற்கும்வரை பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.